அருங்காட்சியகத்தில் ஆராய்ச்சி என்று அப்படி என்னதான் செய்கிறார்கள்?

"தோண்டுவது தொல்லியலாளர், காட்டுக்கும் கடலுக்கும் போய்ச் சேகரிப்பது உயிரியலாளர். நடுவில் அருங்காட்சியகத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு என்ன ஆராய்ச்சி இருக்கிறது? ஒப்பந்த வேலை ஒன்று வந்திருக்கிறது, சேரலாமா?" இதுதான் உங்கள் கேள்வி. படிப்பை முடித்த கையோடு கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நானும் அப்படித்தான் சேர்ந்தேன். ஒன்பது வருடம் இருந்தேன். சேருங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் கேள்வியின் முதல் பாதி என்னைச் சும்மா விடவில்லை.

எனக்குக் கொடுத்த வேலை, இயற்கை வரலாற்றுப் பிரிவின் பழைய பதிவேட்டைக் கணினியில் ஏற்றுவது. ஒரு நாள் கிளிஞ்சல் இழுப்பறை ஒன்றைத் திறந்தேன். இருபத்துமூன்று கிளிஞ்சல்கள், எல்லாவற்றிலும் துளை. மற்ற பெட்டிகளில் மையால் எழுதியிருந்த எண்ணின் வரிசை வேறு, இதில் இருந்த வரிசை வேறு. அந்த எண்ணைத் தொல்லியல் பிரிவின் பதிவேட்டில் தேடினேன். இருந்தது. ஓர் அகழாய்வில் கிடைத்தவை, எதிரே "இனம் அறிய அனுப்பப்பட்டது" என்று ஒரு வரி. திரும்பி வந்ததாக எங்கேயும் எழுதப்படவில்லை. அனுப்பியவர்கள் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள். கிளிஞ்சல் மட்டும் இன்னொரு மாடியில் பல பத்தாண்டுகள் கிடந்திருக்கிறது.

கிளிஞ்சலில் துளை இருந்தாலே அது மனிதர் கோத்து அணிந்த மணி என்று சொல்லிவிட முடியாது. கடலில் சில நத்தைகள் மற்ற ஓடுகளைத் துளைத்து உள்ளே இருப்பதைத் தின்னும். நாட்டிசிடே குடும்பத்து நத்தை போட்ட துளை நல்ல வட்டமாக, வெளியே அகன்று உள்ளே குறுகி, புனல் மாதிரி இருக்கும். மனிதர் கல்லில் தேய்த்துத் துளைத்திருந்தால் சுற்றிலும் தட்டையாகி, இணையான கீறல்கள் தெரியும். அலையில் உருண்டு தேய்ந்தும் ஓட்டை விழும். போதாததற்கு, நத்தை போட்ட துளையிலேயே யாராவது நூல் கோத்திருக்கவும் கூடும். ஆகவே நாங்கள் பார்க்க வேண்டியிருந்தது துளையை அல்ல, அதன் விளிம்பை. நூல் உரசி உரசி விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் வழுவழுப்பாகி லேசாகப் பள்ளம் விழுந்திருக்கிறதா?

அந்தப் பள்ளம் எப்படி இருக்கும் என்று தெரிய, நிச்சயமாக அணியப்பட்ட கிளிஞ்சல் ஒன்று வேண்டும். அது மூன்றாவது பிரிவில், மக்கள் புழங்கிய பொருள்களின் கிடங்கில் இருந்தது. நூல் அறாத பழைய கழுத்தணி. நத்தை துளைத்த ஓடுகள் இயற்கை வரலாற்றுப் பிரிவிலேயே நிறைய. மூன்றையும் ஒரே மேசையில், ஒரே நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தது அந்தக் கட்டடத்தில் அதுதான் முதல் முறை என்று நினைக்கிறேன். பதினான்கில் நூல் தடம் தெளிவாக இருந்தது. ஆறு, நத்தை மட்டும் தொட்டவை. மூன்றை இன்றுவரை என்னால் முடிவு செய்ய முடியவில்லை.

இது எழுத்தர் வேலை, இதைப் போய் ஆராய்ச்சி என்கிறாயா என்று சிலர் கேட்பார்கள். நேரிலேயே கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு இரண்டு பெட்டிகளைச் சொல்கிறேன். தென்னாப்பிரிக்காவின் ஸ்டெர்க்ஃபோன்டைன் குகையிலிருந்து வந்த விலங்கெலும்புப் பெட்டிகளை 1994-இல் ரொனால்ட் கிளார்க் என்ற தொல்மானிடவியலாளர் துழாவியபோது, ஒரு மனித மூதாதையின் பாத எலும்புகள் நான்கு கிடைத்தன. 1997-இல் மேலும் சில எலும்புகள் பெட்டிகளில் அகப்பட்டன. உடைந்த கால் எலும்பின் வார்ப்பு ஒன்றைக் கையில் வாங்கிக்கொண்டு, அவருடைய உதவியாளர்கள் ஸ்டீஃபன் மொட்சுமியும் ங்க்வானே மொலெஃபேயும் விளக்கோடு குகைக்குள் போனார்கள். இரண்டே நாளில் அதோடு பொருந்தும் மறுபாதியைப் பாறையில் கண்டுபிடித்தார்கள். 'லிட்டில் ஃபுட்' எலும்புக்கூடு வெளிவந்தது அப்படித்தான். குகைக்கு வழி காட்டியது பெட்டி.

இன்னொன்று, யூஜின் டுபுவா என்ற டச்சு ஆய்வாளர் 1890-களில் ஜாவாவின் டிரினிலில் எடுத்த நன்னீர்ச் சிப்பிகள். நெதர்லாந்தின் லைடன் நகரில் நூறு ஆண்டுக்கு மேல் இருந்தன. அதில் ஒன்றில் வளைந்து வளைந்து கீறிய கோடுகள் இருப்பது புகைப்படத்தில்தான் கண்ணில் பட்டது. 2014-இல் வெளியான ஆய்வின்படி அது குறைந்தது 4,30,000 ஆண்டுப் பழமை, ஹோமோ எரெக்டஸ் என்ற ஆதி மனித இனத்தின் கை போட்ட கோடு. சிப்பியாக உள்ளே போனது, செய்பொருளாக வெளியே வந்தது. தோண்டியவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. டுபுவா எடுத்து வைக்காவிட்டால் பார்ப்பதற்கே ஒன்றும் இருந்திருக்காது.

மனதில் இருக்கும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த இருபத்துமூன்றில் ஒன்பதுக்கு மட்டுமே எந்த மண்ணடுக்கில் கிடைத்தது என்று தெரியும். நான் சேர்வதற்கு முன் பெட்டிகளை மாற்றியபோது, மேலே இருந்தவர் ஒருவர் உள்ளே கிடந்த பழைய காகிதச் சீட்டுகளைக் குப்பை என்று எடுத்துப் போடச் சொன்னாராம். பதினான்கு பொருள்களின் காலம் அந்தக் குப்பைக் கூடையோடு போனது. சீட்டு என்ன செய்யும் என்று கேட்டால் 1967-ஐப் பாருங்கள். பொரி வல்லூறு முதலான வேட்டைப் பறவைகளின் முட்டை ஓடு 1940-களின் பிற்பகுதியிலிருந்து மெலிந்துபோனதை டெரிக் ராட்கிளிஃப் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் அந்த ஆண்டு காட்டினார். டிடிடி என்ற பூச்சிக்கொல்லி மீது பழி விழ அது பெரிய சான்று. அவரால் அது முடிந்ததற்குக் காரணம், சேகரித்தவர்கள் ஒவ்வொரு முட்டையோடும் தேதியை எழுதி வைத்திருந்ததுதான். தேதி இல்லாவிட்டால் அது வெறும் ஓடு.

பிறகு அந்தக் கிளிஞ்சல்களைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வந்தது. மூன்று பிரிவுத் தலைவர்களின் பெயர் இருந்தது. என் பெயர் நன்றியுரையில்கூட இல்லை. ஒப்பந்தப் பணியாளர் பெயரைப் போடும் வழக்கமில்லை என்றார்கள். ஒரு நாளைக்கு இத்தனை படம் எடுத்து ஏற்ற வேண்டும் என்று கணக்கு வைத்து நெருக்கியவர்களும் அவர்களே. அந்தக் கணக்கின்படி ஓடியிருந்தால் எண் வரிசை மாறியிருந்ததை நான் கவனித்தே இருக்க மாட்டேன். இது உங்கள் கேள்விக்குப் பதில் இல்லை, தெரியும். ஆறு வருடம் ஆகியும் ஆறவில்லை.

சேருமுன் இரண்டைக் கேட்டுக்கொள்ளுங்கள். பிற பிரிவுகளின் பதிவேட்டையும் பார்க்க விடுவார்களா? நீங்கள் கண்டது கட்டுரையானால் உங்கள் பெயர் வருமா? இரண்டாவதை எழுத்தில் வாங்குங்கள். பாடம் செய்த பழைய பறவைகளையும் தோல்களையும் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், பலவற்றில் ஆர்சனிக் என்ற நஞ்சு பூசியிருக்கும். பெட்டிக்குள் பழுப்பேறிய காகிதத் துண்டு கிடந்தால், எழுத்து புரியாவிட்டாலும், முதலில் அதைப் படம் எடுத்து வையுங்கள்.