சுரூபத்தைப் பூட்டி வைத்த மருமகள்

கேள்வி: நான் புதுச்சேரியில் பிறந்தவள். கல்யாணமாகி, இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனின் சேந்த் ஆந்த்ரேவுக்கு வந்தேன். கணவர் வீட்டார் மல்பார் குடும்பம், அதாவது அந்தக் காலத்தில் இங்கே கூலிகளாக வந்த தமிழர்களின் வழிவந்தவர்கள். ஞாயிறு பூசைக்கும் போவார்கள், தீமிதிக்கு மஞ்சளும் கட்டுவார்கள். அதை நான் பெரிதுபடுத்துவதில்லை. ஆனால் தோட்டத்தில் சிவப்புப் பெயின்ட் அடித்த சின்னக் கெபியில் மாமியார் சேந்த் எக்ஸ்பெதி சுரூபத்தை வைத்து தினமும் மெழுகுவத்தி ஏற்றுகிறார். கேட்டது கிடைக்காவிட்டால் அந்தச் சுரூபத்தின் தலையை உடைப்பவர்களும் இந்த ஊரில் இருக்கிறார்களாம்! அப்படி ஒரு புனிதரே கிடையாது, பார்சல் மேல் எழுதியிருந்ததைப் பார்த்துக் கன்னியர்கள் வைத்த பெயர் என்று படித்தேன். சுரூபத்தை எடுத்துப் பெட்டியில் பூட்டிவிட்டேன். மாமியார் என்னோடு பேசுவதில்லை. நான் செய்தது சரிதானே? எனக்குப் பிடித்தவர் கோடி அற்புதர் அந்தோனியார். உங்களுக்கு?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சேந்த் ஆந்த்ரே, ரீயூனியன்)

பதில்: சரியில்லை அம்மா. மீதிப் பதிலைப் பிறகு படிக்கலாம், முதலில் எழுந்துபோய்ச் சுரூபத்தை இருந்த இடத்தில் வைத்துவிட்டு வாருங்கள். தோட்டம் அவருடையது, கெபி அவருடையது, மெழுகுவத்தி வாங்கிய காசும் அவருடையது. இன்னொருவர் முன்னால் நின்று செபிக்கிற பொருளை எடுத்துப் பூட்டச் சொல்லி எந்த ஞானோபதேசப் புத்தகத்திலும் இல்லை.

நீங்கள் படித்த பார்சல் கதை எனக்கும் தெரியும். பாரிஸ் மடம் ஒன்றுக்கு எலும்புகள் அடங்கிய பெட்டி வந்ததாம். விரைவாக அனுப்பச் சொல்லி மேலே எழுதியிருந்ததாம். கன்னியர்கள் அதையே புனிதரின் பெயர் என்று நினைத்தார்களாம். கேட்பவருக்குச் சிரிப்பு வரும், சொல்பவருக்குத் தான் விவரமானவர் என்ற பெருமை வரும், அதனால்தான் இந்தக் கதை இத்தனை காலம் ஓடுகிறது. ஆனால் 18ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மனியிலும் சிசிலியிலும் இவருக்குப் பக்தர்கள் இருந்தார்கள். சிசிலியின் ஆச்சிரெயாலே நகரம் 1781இல் இவரைப் பாதுகாவலராக ஏற்றது. அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்னால், பழைய மறைசாட்சிகள் பட்டியலில் ஏப்ரல் 19ஆம் தேதிக்கு நேரே, ஆர்மீனியாவின் மெலித்தீன் நகரில் உயிர்விட்டவர்களோடு இவர் பெயரும் வருகிறது. படியெடுத்தவரின் கைப்பிழையாக இருக்கலாம் என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. எப்படியானாலும், அந்தப் பட்டியலில் இருப்பது வெறும் பெயர். ரோமப் படைவீரர் உடுப்பு, கையில் ‘இன்று’ என்று எழுதிய சிலுவை, காலடியில் ‘நாளை’ என்று கரையும் காகம் எல்லாம் பின்னால் வந்தவர்கள் மாட்டிவிட்ட அலங்காரம்.

ஆகவே இவரைப் பற்றி உறுதியாக எதுவும் தெரியாது என்று நீங்கள் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். அந்த அளவுகோலைக் கையில் எடுத்துவிட்டால் அது மாமியார் தோட்டத்தோடு நிற்காது, அதையும் யோசியுங்கள். உங்கள் சொந்தபந்தத்தில் பிலோமினா என்று ஒரு அத்தையோ சித்தியோ கட்டாயம் இருப்பார். புதுச்சேரிக் கத்தோலிக்கக் குடும்பம் அந்தப் பெயர் இல்லாமல் இருந்து நான் பார்த்ததில்லை. 1802இல் ரோமின் பிரிசில்லா நிலத்தடிக் கல்லறையில் ஒரு குழியும் சில எலும்புகளும், எழுத்துப் பொறித்த மூன்று ஓடுகளும் கிடைத்தன. ஓடுகளை இடம் மாற்றி அடுக்கிப் படித்ததில் வந்த பெயர்தான் பிலோமினா. அவர் யார், எப்போது வாழ்ந்தார் என்பதற்கு வேறு சான்று இல்லை. 1961இல் ரோமே அவர் பெயரைத் திருநாள் அட்டவணைகளிலிருந்து எடுத்துவிட்டது. பிரான்சின் ஆர்ஸ் ஊர்ப் பங்குச்சாமியார் வியான்னி அருளப்பரோ, தன்னைத் தேடிவந்தவர்களுக்குக் கிடைத்த அற்புதங்களையெல்லாம் இந்தப் பிலோமினாவின் கணக்கில் எழுதியவர். வியான்னி புனிதர் இல்லை என்று யாராவது சொல்வார்களா? மைசூருக்குப் போனால் பிலோமினா பேரில் கட்டிய பேராலயம் இரட்டைக் கோபுரத்தோடு நிற்கிறது. உங்கள் அத்தையை எந்தப் பெட்டியில் பூட்டுவீர்கள்?

அடுத்தது பேரம். கேட்டது கிடைக்காவிட்டால் தலையை உடைப்பது அசிங்கம், சந்தேகமில்லை. ஆனால் பேரம் பேசும் பழக்கத்தை ஏதோ மல்பார்கள்தான் கண்டுபிடித்தது போல எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம். உங்கள் அந்தோனியாரைக் கேளுங்கள், சொல்வார். அவர் பிறந்த போர்த்துக்கலில், மாப்பிள்ளை அமையாத பெண்கள் அவர் சுரூபத்தைத் தலைகீழாக நிறுத்துவார்கள். கையில் இருக்கும் பாலனைப் பிடுங்கி ஒளித்து வைத்து, கல்யாணம் முடிந்தால்தான் திருப்பித் தருவேன் என்பார்கள். நம் பக்கம் அவ்வளவு முரட்டுத்தனம் இல்லை, ஆனால் ‘இது நடந்தால் மொட்டை, அது நடந்தால் காது குத்து, வெள்ளியில் கால் செய்து போடுகிறேன்’ என்று வேளாங்கண்ணியிலும் புளியம்பட்டியிலும் நாம் வைக்கும் பொருத்தனைகள் என்னவாம்? நான் காரைக்கால்காரன், இதையெல்லாம் பார்த்தே வளர்ந்தேன், எனக்கும் மொட்டை போட்டிருக்கிறார்கள்.

அந்தோனியார் பக்தை என்றால் செவ்வாய்க்கிழமை நவநாளுக்கும் போகிறவராகத்தான் இருப்பீர்கள், அது ஏன் செவ்வாய் என்று தெரியுமா? 1231 ஜூன் 13ஆம் தேதி இறந்த அந்தோனியாரை பதுவா நகரில் அடக்கம் செய்த நாள் செவ்வாய். அம்மனுக்கும் செவ்வாய் உகந்த நாள் என்பதால் நம் ஊர் இந்துப் பெண்கள் கூச்சமே இல்லாமல் வந்து அவருக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டுப் போகிறார்கள். அங்கே அதைப் பார்த்து உங்களுக்கு உடம்பு கூசவில்லை. இங்கே சிவப்பு நிறத்தைப் பார்த்ததும் கூசுகிறது.

அந்தச் சிவப்பைப் பற்றியும் இரண்டு வார்த்தை. ரத்தம் சிந்திய மறைசாட்சிக்குத் திருச்சபை உடுத்தும் நிறம் சிவப்பு. எக்ஸ்பெதியின் தோள்துணியும் சிவப்பு. காளிக்கும் சிவப்பு. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் ஆட்கள், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்து ஒரு பிரெஞ்சுப் பெயர் வைத்தார்கள், வீட்டுக்குள் தமிழ்ப் பெயரையும் விடவில்லை. இந்துக் கோயிலைக்கூட இங்கே ‘ஷாப்பேல்’ என்றுதான் சொல்கிறார்கள். ஞாயிறு ஒரு பக்கம், தீமிதி ஒரு பக்கம் என்று இரண்டு காலிலும் நின்றுதான் அவர்கள் பிழைத்தார்கள். தோட்ட முதலாளியின் மதத்தில் தங்களுக்குப் புரிகிற ஒரு முகத்தைக் கண்டார்கள்: ஆயுதம் தரித்தவர், சிவப்பு உடுத்தியவர், தாமதம் செய்யாதவர். நம் ஊர் எல்லையில் இப்படி நிற்பவர்களைக் கும்பிட்டு வந்தவர்களுக்கு அவரை யாரும் அறிமுகம் செய்ய வேண்டியிருக்கவில்லை. அதோடு, எக்ஸ்பெதி மல்பார்களுக்கு மட்டும் சொந்தமானவரும் அல்ல. தலைநகர் சேன் தெனியில் தெலிவ்ரான்ஸ் மாதா ஆலயத்துக்குள் அவர் சுரூபம் இருக்கிறது. ‘நன்றி’ என்று பொறித்த பளிங்குக் கற்களை வைத்தவர்களில் எல்லா நிறத்தவரும் உண்டு.

ஆனால் உங்கள் சந்தேகத்தில் பாதி எனக்கும் உண்டு. எதிரி வீட்டுக்குக் கெடுதல் வரட்டும் என்றும் இவரிடம் கேட்கிறார்கள். அதை நான் பக்தி என்று ஏற்க மாட்டேன். மாமியார் அப்படிக் கேட்பதாக நீங்கள் எழுதவில்லை, ஆகவே அவர்மேல் அந்தப் பழியைப் போட மாட்டேன். எனக்கு உள்ள பெரிய குறை வேறு. எக்ஸ்பெதிக்கு வாழ்க்கை வரலாறு இல்லை. என்ன செய்தார், யாருக்காக நின்றார், எதை விட்டுக்கொடுத்தார், ஒன்றும் தெரியாது. அப்படிப்பட்டவரிடம் கேட்கத்தான் முடியும். அவர் திருப்பி நம்மிடம் எதுவும் கேட்க மாட்டார். வசதியான புனிதர்!

அந்தோனியார் அப்படியல்ல, நாம்தான் அவரை அப்படி ஆக்கிவைத்திருக்கிறோம். தொலைந்த சாவியைத் தேடித் தர அவரைக் கூப்பிடுகிறோம். அவர் இறப்பதற்கு மூன்று மாதம் முன்பு, 1231 மார்ச்சில், பதுவா நகர மன்றம் ஒரு சட்டம் போட்டது. சொத்தையெல்லாம் ஒப்படைத்துவிட்ட கடனாளியை மேற்கொண்டு சிறையில் அடைக்கக் கூடாது என்பது சட்டம். அந்தோனியாரின் வேண்டுகோளின்படி என்று அதிலேயே எழுதி வைத்தார்கள். வட்டிக்கு விடும் நம்மவர்களில் எத்தனை பேர் கழுத்தில் அவர் பதக்கம் தொங்குகிறது என்று நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அவருக்கான பதின்மூன்று செவ்வாய்க்கிழமைச் செபத்தை முடித்த கையோடு அந்தச் சட்டத்தையும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

எனக்குப் பிடித்தவர் யார் என்று கேட்டீர்கள். அவர் இன்னும் புனிதர் பட்டம் வாங்காதவர். அருளாளர் ஸ்குபிலியோன். உங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில், சேந்த் மரியில் அவர் கல்லறை இருக்கிறது. 1797இல் பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் பிறந்த ஜான் பெர்னார் ரூசோ, லசால் சபைச் சகோதரராகி 1833இல் இந்தத் தீவுக்கு வந்தார். அப்போது இது பூர்போன், கரும்பு வெட்டியவர்கள் அடிமைகள். பகலெல்லாம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு, வேலை முடிந்து களைத்து வரும் அடிமைகளுக்கு இரவில் ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்தார். எழுத்தறியாதவர்களுக்குப் புரியும் வார்த்தையில் சொன்னார். தோட்டக்காரர்கள் அடிமைக்கு எதற்கு ஆன்மா என்று நினைத்த காலம் அது. 1848 டிசம்பர் 20 அன்று ஏறத்தாழ 62,000 பேருக்கு விடுதலை அறிவிக்கப்பட்டது. அதன் பிறகும் அவர் ஊர் திரும்பவில்லை. 34 ஆண்டுகள் இங்கேயே இருந்து, 1867 ஏப்ரல் 13 அன்று சேந்த் மரியில் இறந்தார். 1989 மே 2 அன்று திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் இங்கேயே வந்து அவரை அருளாளர் என்று அறிவித்தார்.

இவரிடம் போய் நின்றால் லாட்டரி கேட்க எனக்கு வாய் வருவதில்லை. என் வீட்டு வேலைக்கு வரும் கொமோரோ தீவுக்காரப் பெண்ணிடம் நேற்று எப்படிப் பேசினேன் என்பதுதான் ஞாபகத்துக்கு வருகிறது. அதனால் நான் அங்கே அதிகமாகப் போவதில்லை என்பதும் உண்மை.

உங்கள் மாமியார் ஆகஸ்ட் 15க்கு ரிவியேர் தே ப்ளுயி கறுப்பு மாதாவிடமும், செப்டம்பரில் சேன் லெ ஊரின் சலேத் மாதாவிடமும் போகிறவராகத்தான் இருப்பார். 1859 காலராவில் சேன் லெ தப்பியதை உங்களைவிட நன்றாகச் சொல்வார். கேட்டிருக்கிறீர்களா? ஏப்ரல் 19 அன்று அவரோடு கெபிக்கு முன்னால் நில்லுங்கள். செபம் சொல்ல மனம் வராவிட்டால் தீப்பெட்டியையாவது பிடித்துக்கொள்ளுங்கள். அதற்கு ஆறு நாள் முன்னால் வருவது ஸ்குபிலியோன் இறந்த நாள், அன்று நீங்கள் அவரைச் சேந்த் மரிக்கு அழைத்துப் போங்கள். பஸ்ஸில் அவர் பேசாமல் வந்தால் கவலைப்படாதீர்கள், வழியெல்லாம் நீங்கள் கிரியோலில் பேசிக்கொண்டே போங்கள். புதுச்சேரிக்காரி பேசும் கிரியோலைத் திருத்துவதற்காகவாவது வாயைத் திறந்துவிடுவார்.