அசல் யூதர் யார்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

கொச்சி மட்டாஞ்சேரி போய்வந்தேன். பரதேசி யூதர்கள், அதாவது வெள்ளை யூதர்கள், தாங்கள்தான் அசல் என்று சொல்லிவந்தவர்களாம். மலபார் யூதர்களோ செப்பேடு எங்கள் முன்னோருக்குக் கிடைத்தது என்கிறார்கள். யார் சொல்வது சரி? மரபணுச் சோதனை செய்தால் தெரிந்துவிடாதா?

அன்புள்ள நண்பருக்கு,

மரபணுவை விடுங்கள். பெண் கொடுப்பதா வேண்டாமா என்ற சண்டையை எச்சிலை எடுத்துச் சோதித்தா தீர்ப்பது?

செப்பேடு 1000ஆம் ஆண்டையொட்டி சேர மன்னர் பாஸ்கர ரவி கொடுத்தது. வட்டெழுத்து. வாங்கிய யூதத் தலைவர் பெயர் ‘இசுப்பு இரப்பான்’, யோசேப்புதான். பகல்விளக்கு, பாவாடை, குடை என்று உரிமைகளை வாசித்துக் காட்டினால் உங்களுக்கே பாதி புரியும். பரதேசிகள், பெயரே சொல்வதுபோல் வெளியிலிருந்து வந்தவர்கள், கொச்சிக்கு வந்ததோ 16ஆம் நூற்றாண்டில். இருந்தும் செப்பேடு அவர்கள் ஜெபாலயத்துப் பெட்டிக்குள் போய்விட்டது, சாவி வைத்திருப்பவர் வாரிசும் ஆகிவிட்டார்.

உங்கள் கேள்வியும் புதிதல்ல. அதே நூற்றாண்டில் கொச்சிக்காரர்கள் இதைக் கெய்ரோவிலிருந்த யூத மதகுரு, ரபி டேவிட் இப்ன் ஸிம்ராவுக்கு எழுதிக் கேட்டார்கள்: இங்கே சுமார் 900 குடும்பம், அதில் 100 குடும்பம் மற்றவர்களை அடிமை வம்சம் என்று சொல்லிக் கலக்க மறுக்கிறது, என்ன செய்வது? முறைப்படி முழுக்கு முடித்தால் அவர்களும் யூதர்களே, தாராளமாகச் சம்பந்தம் செய்யலாம் என்று பதில் வந்தது. வந்து என்ன? அடுத்த 400 வருடம் அதை யாரும் காதில் வாங்கவில்லை. அசல் யார் என்று கேட்கிறீர்களே, யார் யாரை வாசலில் உட்காரவைத்தார்கள் என்று ஏன் கேட்கவில்லை? பரதேசி ஜெபாலயத்தில் நீலப் பூ வரைந்த சீன ஓடுகளைப் படம் பிடித்திருப்பீர்கள். நானும் முதல் தடவை அதைத்தான் செய்தேன். இரண்டாம் தடவை போனபோது உள்ளே போகாமல் முன்னறையிலேயே நின்றுவிட்டேன், ஏ.பி. சேலம் என்பவரின் நினைவில்.

அவர் சென்னையில் சட்டம் படித்த வக்கீல், கொச்சி சட்டசபை உறுப்பினர். ஆனால் விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வாரிசு என்பதால் பெஞ்சில் இடமில்லை, யூத வேதமான தோராவை வாசிக்க அழைப்பில்லை, முன்னறையில் தரைதான். கோர்ட்டில் அவர் வாதத்தைக் கேட்ட ஊர், ஜெபத்தில் அவர் குரலைக் கேட்கமாட்டேன் என்றது. காந்தி வழியில் சத்தியாக்கிரகம் செய்துதான், வருடக்கணக்கில் மல்லாடித்தான், உள்ளே போய் உட்கார்ந்தார். ‘யூத காந்தி’ என்று பெயர் வந்தது அதனால்தான்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், நல்ல மனதோடுதான் கேட்டிருக்கிறீர்கள். மறுபடி போனால் ஓடுகளை அப்புறம் பாருங்கள். முதலில் செருப்பைக் கழற்றிய இடத்திலேயே கொஞ்ச நேரம் உட்காருங்கள். வெயில் நேரத்திலும் தரை குளிர்ந்தே இருக்கும்.