நத்தை ஓடும் குகை எலும்பும்: சுங்கை சிப்புட் கேள்வி பதில்

போன ஞாயிற்றுக்கிழமை, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் நம் சுங்கை சிப்புட் கோயில் மண்டபத்தில் குகை எலும்புகளைப் பற்றிப் பேசினேன். பாதியில் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரை போட்ட சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. சீட்டில் எழுதிக் கொடுத்த கேள்விகளுக்கு இப்போது பதில் சொல்கிறேன்.

ஓய்வுபெற்ற மண்டோர் (தோட்ட மேற்பார்வையாளர்): தோட்டத்தில் நாற்பது வருஷம் குழி வெட்டினோம். ஒரு பழைய எலும்பும் கிடைத்ததில்லை. குகையில் மட்டும் எப்படி?

ஐயா, நம் செம்மண் புளிப்பு மண். காய்கறிக் கொல்லையில் சுண்ணாம்பு தூவுவீர்களே, அந்தப் புளிப்பை அடக்கத்தான். அந்த மண்ணும் நம் ஊர் மழையும் சேர்ந்தால் எலும்பு கரைந்தே போகும். சுண்ணாம்புக் குகையில் சொட்டும் நீர் கல்லின் சத்தைச் சுமந்து வருவதால் எலும்பு தப்பிக்கிறது. அங்கேயும் வௌவால் எச்சம் கனமாகக் கிடக்கும் இடத்தில் புளிப்பு ஏறி எலும்பு அழியும். அந்த எச்சத்தை உரத்துக்கு வாரிய காலத்தில் பல குகைகளின் தரையே போய்விட்டது.

ஐந்தாம் படிவ மாணவி: பேராக் மனிதனின் வயது எப்படித் தெரிந்தது, சார்?

கோலகங்சார் தாண்டி கிரிக் போகும் சாலையில் லெங்கோங் இருக்கிறது. அங்கே குனோங் ருந்து குகையில் 1991இல் பேராசிரியர் சுரைனா மஜீத்தின் குழு தோண்டி எடுத்த எலும்புக்கூடு அது. கால்களை மடக்கி, கருவில் கிடக்கும் பிள்ளைபோலப் புதைத்திருந்தார்கள். இடது கை பிறவியிலேயே ஊனம். அப்படியிருந்தும் நாற்பது வயதைத் தாண்டி வாழ்ந்திருக்கிறார்.

கூடவே ஆற்று நத்தை ஓடுகள் ஏராளம். நத்தைக்கு மலாயில் சிப்புட். நம் ஊர்ப் பெயரே நத்தை ஆறுதானே! அந்த ஓடுகளும் வயதுக் கணக்குக்கு உதவின. ஏறக்குறைய 10,000 முதல் 11,000 ஆண்டு என்கிறார்கள்.

ஆனால் நத்தை ஓட்டை நம்புவதில் ஒரு சிக்கல் உண்டு, தங்கச்சி. உயிர் போன பிறகு உடலிலுள்ள கார்பன்-14 என்ற கதிர்வீசும் கார்பன் வகை தேய்ந்துகொண்டே வரும்; 5,730 ஆண்டில் பாதியாகும். மிச்சத்தை அளந்து வயதைச் சொல்கிறோம். சுண்ணாம்பு மலை ஆற்று நத்தையோ நீரில் கரைந்த கல்லின் கார்பனையும் எடுத்துத்தான் ஓடு கட்டுகிறது. அந்தக் கல்லில் கார்பன்-14 எப்போதோ தீர்ந்துவிட்டது. புதுச் சோற்றில் பழைய சோற்றைக் கலந்த கதை: ஓடு தன் வயதைக் கூட்டிச் சொல்லும். அதனால் பக்கத்தில் அடுப்புக்கரி கிடைத்தால் அதையும் ஒத்துப் பார்க்க வேண்டும்.

டாக்சி ஓட்டும் அண்ணன்: கரியே இல்லாவிட்டால்?

கரி இருந்தாலும் 50,000 ஆண்டுக்கு மேல் அந்தக் கணக்கு ஓடாது. அப்போது மணலைக் கேட்போம். மணல் மணி இருட்டில் புதைந்து கிடக்கும்போது, சுற்றியுள்ள மண்ணின் கதிர்வீச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைக்கும். வெயில் பட்டால் சேர்த்ததெல்லாம் காலி. அதனால் குழியின் சுவரில் இரும்புக் குழாயை அடித்து இறக்கி, வாயைக் கறுப்புப் பிளாஸ்டிக்கால் கட்டி எடுத்து வருவார்கள். ஆய்வகத்தில் மங்கிய சிவப்பு விளக்கில்தான் பிரிப்பார்கள்.

எலும்பின்மேல் சொட்டுநீர்க் கல் படிந்திருந்தால் இன்னொரு வழி. நீரில் யுரேனியம் என்ற உலோகம் கரையும், தோரியம் என்ற உலோகம் கரையாது. கல்லான பிறகு யுரேனியம் சிதைந்து தோரியம் ஆகும். தோரியம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்த்தால் கல்லின் வயது கிடைக்கும். எலும்பு அதைவிடப் பழையது.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை: ஆழத்தில் கிடப்பது பழையது, மேலே கிடப்பது புதியது. அவ்வளவுதானே?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன், டீச்சர். இந்தோனேசியாவின் புளோரஸ் தீவில் லியாங் புவா என்ற குகை. 2003இல் அங்கே ஒரு மீட்டர் உயரமே உள்ள மனித இனத்தின் எலும்பு கிடைத்தது. வயது 18,000 ஆண்டு என்றார்கள். நம்மைப் போன்ற மனிதர் வந்த பிறகும் அந்தக் குள்ளர்கள் வாழ்ந்தார்களா என்று உலகமே வாய் பிளந்தது.

பிறகு குழியை அகலமாக்கித் தோண்டியபோதுதான் விஷயம் புரிந்தது. எலும்பிருந்த பழைய மண்மேடு ஒரு பக்கம் அரித்துச் சரிந்திருக்கிறது. சரிந்த பள்ளத்தில் பின்னாளில் புது மண் வந்து நிரம்பியிருக்கிறது. இரண்டும் ஒரே ஆழத்தில், தோளோடு தோளாக! வயது சொன்ன கரி அந்தப் புது மண்ணுடையது. 2016இல் திருத்திய கணக்குப்படி எலும்புகளின் வயது 60,000 முதல் 100,000 ஆண்டு. பழைய மண்ணும் புது மண்ணும் சேரும் ஒரு கோட்டைக் கவனிக்காததால் வந்த வித்தியாசம் எவ்வளவு பாருங்கள். என்னைக் கேட்டால், எலும்பை எடுப்பவரைவிட மண் சுவரில் கோடு கீறி வரைபவருக்குத்தான் கூடுதல் சம்பளம் கொடுக்க வேண்டும்.

கோயில் தலைவர்: பத்துமலையிலும் நம் கல்லுமலையிலும் தோண்டினால் கிடைக்குமா?

பத்துமலைக் கல்லுக்கே 40 கோடி வயது, தலைவரே. அதற்குள் மனிதன் நுழைந்தது நேற்று. படியும் சிமெந்துத் தரையும் போட்ட இடத்தில் தேடிப் பயனில்லை.

பெயர் எழுதாதவர்: குகையில் எலும்பைப் பார்த்தால் எடுத்து வரலாமா?

வேண்டவே வேண்டாம். இருந்த இடத்திலேயே விட்டு, படம் பிடித்து, தேசிய மரபுடைமைத் துறைக்குச் சொல்லுங்கள். ஒருமுறை ஒரு தம்பி மைலோ டின்னில் தாடை எலும்பு ஒன்றைக் கொண்டுவந்தான். ஒட்டியிருந்த மண்ணையெல்லாம் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, பளபளவென்று வைத்திருந்தான். எந்தக் குகை, எந்த மூலை, எவ்வளவு ஆழம், ஒன்றும் நினைவில்லை. பல்லைப் பார்த்தேன், காட்டுப்பன்றி. நல்ல வேளை என்று பெருமூச்சு விட்டேன். அவனுக்குத்தான் முகம் தொங்கிப்போயிற்று.