அம்மாவுக்கு இடுப்பு வரைக்கும் முடி, பொண்ணுக்கு பாய் கட்

கேள்வி: அக்கா, நான் திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்குறேன். எனக்கு இடுப்புக்கும் கீழ முடி, அடர்த்தியும் ஜாஸ்தி. பிளாஸ்டிக் கிளட்ச் எது வாங்குனாலும் ஒண்ணு பல்லு உடையுது இல்ல ஸ்பிரிங் போயிடுது. கொண்டையில சொருகுற மர ஜூடா குச்சி, ரெண்டு கால் ஃபோர்க் எல்லாம் இன்ஸ்டால பாக்குறேன், ஒண்ணு 600, 700ன்னு போட்டிருக்காங்க, அவ்ளோ நமக்கு கட்டுப்படி ஆகாது. 250க்குள்ள நல்லதா எங்க கிடைக்கும்? ஒரு மரச் சீப்பும் வேணும். முடிய ரொம்ப ஆசையா வளர்த்தேன்க்கா, தினமும் காலைல அரை மணி நேரம் இதுக்கே போயிடுது. அதனாலயே 9 வயசு பொண்ணுக்கு போன மாசம் பாய் கட் பண்ணி விட்டாச்சு, ரெட்டை ஜடை போட நேரம் இல்ல. அத்தை பின்னி விடறேன்னாங்க, ஆனா அவங்க எண்ணெய் வழிய வழிய இறுக்கி பின்னுவாங்க, எனக்கு பிடிக்கல. ரெண்டு நாள் அழுதா, இப்ப பழகிட்டா. நல்ல கடையா சொல்லுங்க.

பதில்: கடையும் சொல்றேன், மரமும் சொல்றேன், 250 கூட ஆகாம முடிக்கிற வழியும் சொல்றேன். ஆனா மொதல்ல அந்த கடைசி மூணு வரிக்கு வர்றேன் தங்கச்சி, ஏன்னா இந்த லெட்டர்ல எனக்கு கண்ணுல பட்டது அதுதான், குச்சி இல்ல.

உங்க தலைக்கு காலைல அரை மணி நேரம் இருக்கு, அவ தலைக்கு பத்து நிமிஷம் இல்ல. இதை நீங்களே உங்க கையால எழுதியிருக்கீங்க, எழுதும்போது உறுத்தவே இல்லையா? முடி மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர், நல்லா வளர்ந்தா கொஞ்சம் கூட, வருஷத்துக்கு 12லேர்ந்து 15 சென்டிமீட்டர் வரும், அவ்ளோதான். அப்போ உங்க முடியோட நுனி முளைச்சப்ப உங்க பொண்ணுக்கு ரெண்டு மூணு வயசு இருந்திருக்கும், அத்தனை வருஷமா நீங்க பாத்து பாத்து காப்பாத்தியிருக்கீங்க, சந்தோஷம். அதே கணக்க அவளுக்கு போட்டு பாருங்க. பாய் கட்லேர்ந்து திரும்ப ரெட்டை ஜடை போடுற அளவுக்கு வரணும்னா ரெண்டு வருஷமாவது ஆகும். சலூன்ல கால் மணி நேரத்துல முடிஞ்ச விஷயம், அவளுக்கு ஆறாவது படிக்கிற வரைக்கும் இழுக்கும்.

பழகிட்டான்னு எழுதியிருக்கீங்க. ஒம்பது வயசு புள்ள ரெண்டு நாள் அழுதுட்டு நிறுத்துனா அதுக்கு பழகிடுச்சுன்னு அர்த்தம் இல்ல, அழுது பிரயோஜனம் இல்லன்னு தெரிஞ்சுகிட்டான்னு அர்த்தம். எனக்கு வர்ற லெட்டருங்கள்ல பதினஞ்சு பதினாறு வயசு பொண்ணுங்கள பத்தி எழுதுற அம்மாங்க நிறைய, எங்ககிட்ட எதுவுமே சொல்ல மாட்டேங்கிறான்னு புலம்புவாங்க. அது பதினாறு வயசுல ஆரம்பிக்கிறது இல்ல, இப்படி ஒரு நாள்லதான் ஆரம்பிக்குது. பாய் கட் கெட்டதுன்னு நான் சொல்லல, அவளே கேட்டு வெட்டியிருந்தா நான் இதுல வாயே திறந்திருக்க மாட்டேன்.

அடுத்தது உங்க அத்தை. வீட்டுல ஒரு பெரிய மனுஷி, கேக்காமலே நான் பின்னி விடறேன்னு வந்து நிக்கிறாங்க, அதை வேணாம்னு சொல்லிட்டு கத்திரிக்கோல் எடுத்திருக்கீங்க. எண்ணெய் ஜாஸ்தின்னா கொஞ்சம் கம்மியா வைங்க அத்தைன்னு சொல்ல வேண்டியதுதானே, அதுக்கு வாய் வரலையா? இறுக்கி பின்னுறது தப்புன்னு நீங்க சொல்றது சரிதான், அதை நான் மறுக்கல, தினமும் நெத்தியோரம் இழுத்து கட்டினா அந்த இடத்துல முடி வேரோட தளர்ந்து போய் நெத்தி ஏறிக்கிட்டே போகும், டாக்டருங்களும் இதைத்தான் சொல்றாங்க. அதுக்கு வழி, மொத ரெண்டு பின்னல தளர்வா விட்டு காதுக்கு கீழ வந்தப்புறம் இறுக்க சொல்றது. ஈரத் தலையில பின்னாம காய வச்சு பின்ன சொல்றது. இதுக்கெல்லாம் சலூன் எதுக்கு? என்னை கேட்டா, தலை பின்னுற அந்த பத்து நிமிஷத்துலதான் அப்பத்தாவும் பேத்தியும் ஸ்கூல் கதை, ஊர் கதை எல்லாம் பேசுவாங்க, அது அவங்க ரெண்டு பேருக்கும் சேர வேண்டியது, உங்களுக்கு அந்த ஸ்டைல் பிடிக்கலங்கிறதுக்காக நீங்க நிறுத்த முடியாது. உங்க வீட்டுக்காரர பத்தி லெட்டர்ல ஒரு வார்த்தை இல்ல, அவருக்கும் ரெண்டு கை இருக்குல்ல? பொண்ணு பெத்த அப்பன் ஜடை பின்ன கத்துக்கிறது அவர் கடமை, உதவி இல்ல.

சரி, இப்ப மரத்துக்கு வர்றேன்.

மொதல்ல அளவு. கொண்டை போட்டுட்டு அதோட அகலத்தை ஒரு ஸ்கேல் வச்சு அளங்க, அதுக்கு மேல 4, 5 சென்டிமீட்டர் சேத்துக்கோங்க, அதுதான் உங்க குச்சியோட நீளம். உங்க அடர்த்திக்கு 16லேர்ந்து 18 சென்டிமீட்டர் தேவைப்படும். ஃபேன்ஸி ஸ்டோர்ல தொங்குற சின்ன குச்சி உங்களுக்கு நிக்காது, அதை வாங்கி வாங்கி காசு போயிருக்கும். கனமான முடிக்கு ஒத்தை குச்சிய விட ரெண்டு கால் ஃபோர்க் நல்லா பிடிக்கும், கழுத்துப் பக்கம் வழுக்கி இறங்காது. குச்சிய கொண்டைக்குள்ள நேரா குத்தக்கூடாது, கொண்டையோட ஓரத்து முடிய கொஞ்சம் அள்ளி, குச்சிய அப்படியே எதிர்ப்பக்கம் திருப்பி, தலையோட ஒட்டி உள்ள தள்ளி அந்தப் பக்கம் எடுக்கணும். இது கை வந்துட்டா காலைல உங்க அரை மணி நேரம் பாதியா குறையும், மிச்ச நேரம் யாருக்குன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

கடைன்னு கேட்டீங்க. ஆன்லைன்ல கிடைக்கிற வேப்ப மரச் சீப்பு, சீஷம் (ஈட்டி மரத்தோட இனம்) சீப்பு பெரும்பாலும் 100லேர்ந்து 200க்குள்ளயே வரும், பல்லு அகலமா இருக்கிறதா எடுங்க. சீஷம் சாமான் நிறைய உத்தரப்பிரதேசத்துல சஹாரன்பூர்லேர்ந்து வர்றது, அது மர வேலைக்கு பேர் போன ஊரு. எந்த சீப்பா இருந்தாலும் மரத்தோட நரம்பு பல்லோட நீளத்துக்கு ஓடுதான்னு பாருங்க, குறுக்கால ஓடுச்சுன்னா உங்க முடிக்கு ஒரு மாசத்துல பல்லு ஒடியும். சந்தன மரச் சீப்பு 150 ரூபாய்னு யாராவது குடுத்தா வாங்காதீங்க, சந்தனக் கட்டை கிலோ ஆயிரக்கணக்குல விக்கிது, அது வேற ஏதோ மரத்துல சென்ட் தடவினது.

கலர் குச்சி வேணும்னா சென்னபட்ணா சாமான் தேடுங்க, பெங்களூர்லேர்ந்து மைசூர் போற வழியில 60 கிலோமீட்டர்ல இருக்கிற ஊரு, மர பொம்மைக்கு பேர் போனது. அவங்க கடையிற மரம் நம்ம ஊரு வெட்பாலைதான், பொடுகுக்கு இலைய எண்ணெய்ல ஊற வச்சு தேய்ப்போமே அதே மரம். லேத்துல மரம் சுத்தும்போது அரக்குக் கட்டிய அழுத்தி பிடிப்பாங்க, அந்த சூட்டுலயே அரக்கு உருகி மரத்துல ஏறும், அப்புறம் தாழை மடலை வச்சு தேச்சு பளபளப்பாக்குவாங்க. தொட்டா ஒரு பிசிறு இருக்காது, முடி மாட்டவே மாட்டாது. ஒரே ஒரு விஷயம், அரக்கு ஆல்கஹால்ல கரையும், அதனால ஹேர் ஸ்ப்ரே, சென்ட் அடிச்சுட்டு உடனே அந்த குச்சிய சொருகாதீங்க.

ஆனா எனக்கு பிடிச்ச வழி இது எதுவும் இல்ல. உங்க ஊர்லயோ பக்கத்துலயோ மத்து, பூரிக்கட்டை, கட்டில் கால் கடையிற கடைசல் பட்டறை எங்கன்னு விசாரிங்க. அவங்ககிட்ட துண்டு மரம் எப்பவும் கிடக்கும். 18 சென்டிமீட்டர் நீளம், தலைப்பக்கம் சுண்டு விரல் கனம், நுனி பக்கம் மெலிஞ்சு மழுங்கலா, கூரா வேணாம்னு சொன்னா கடைஞ்சு தந்துடுவாங்க, உங்க பட்ஜெட்டுக்கு ரெண்டு மூணு குச்சியே வந்துடும். வேம்பு, புளிய மரம், பூவரசு எதுவா இருந்தாலும் சரி. தேக்கு வேணாம், அதுக்கு நரம்பு பெருசு, மெல்லிசா கடைஞ்சா சிலாம்பு எழும்பி முடிய பிடிச்சு இழுக்கும். அம்பாசமுத்திரம் பக்கம் சொந்தக்காரங்க யாராவது இருந்தா இன்னும் சுலபம், அங்க சொப்பு சாமான் கடையிறவங்களுக்கு இதெல்லாம் ஒரு வேலையே இல்ல.

வாங்கினதும் கொஞ்சம் பஞ்சு எடுத்து குச்சி மேல நுனியிலேர்ந்து தலை வரைக்கும் இழுத்து பாருங்க. பஞ்சு எங்க மாட்டுதோ அங்க உங்க முடியும் மாட்டும். ஹார்டுவேர் கடையில உப்புத்தாள் 400 நம்பர் ஒண்ணு, 600 நம்பர் ஒண்ணு வாங்கி, நரம்பு ஓடுற பக்கமா தேச்சு, தேங்காய் எண்ணெய் ரெண்டு சொட்டு தடவி ராத்திரி வச்சுட்டு காலைல துடைச்சுடுங்க. மரச் சீப்ப தண்ணியில ஊற போடாதீங்க, பழைய டூத் பிரஷ்ஷால அழுக்கு எடுத்துட்டு இதே மாதிரி எண்ணெய் தடவினா போதும்.

பட்டறைக்கு போகும்போது பொண்ணையும் கூட்டிட்டு போங்க. பாய் கட் தலைக்கும் சீப்பு வேணும், அவளுக்கு ஒரு சின்ன மரச் சீப்பு வாங்கி, அதை அத்தை கையில குடுத்து, இனிமே ஞாயித்துக்கிழமை எண்ணெய் தேச்சு விடுறது உங்க பொறுப்பு அத்தைன்னு சொல்லுங்க, எவ்ளோ எண்ணெய்ங்கிறத அவங்க முடிவு பண்ணட்டும். பொண்ணுகிட்ட தனியா உக்காந்து, உன்னை கேக்காம வெட்டினது தப்பும்மான்னு நேரா சொல்லுங்க, சுத்தி வளைக்க வேணாம். அப்புறம் முடி வளர்க்கணுமா இப்படியே இருக்கட்டுமான்னு கேளுங்க, வளர்க்கணும்னு சொன்னா அடுத்த ரெண்டு வருஷத்துக்கு நுனி ட்ரிம் பண்றதுக்கு கூட அவ சரின்னு சொன்னா மட்டும்தான் சலூனுக்கு போறீங்க.