அரிய மரபணு நோய்களை ஆராய ஏன் ஒதுங்கி வாழும் சமூகங்களைத் தேடுகிறார்கள்?

ஒரு சாக்குப் பயற்றில் ஒன்றிரண்டு கறுப்பு. கைப்பிடி அள்ளும்போது அதில் ஒன்று அகப்பட்டு, அந்த விதையையே நெடுந்தீவில் வருடாவருடம் விதைத்தால், கறுப்பின் பங்கு சாக்கில் இருந்ததைவிடப் பல மடங்காகிவிடும். சிலரிலிருந்து பெருகிய சமூகத்திலும் இதுதான் நடக்கிறது. இது ‘நிறுவுநர் விளைவு’. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே மணம்முடித்து ஒதுங்கி வாழும் ஆமிஷ் கிறிஸ்தவ மக்களிடையே ஆறுவிரலும் குள்ள உருவமும் தரும் எல்லிஸ்-வான் கிரெவெல்ட் நோயை, 1744இல் வந்த ஒரே தம்பதிவரை பின்தொடர்ந்தார்கள்.

முதலில் மூன்று நான்கு தலைமுறை வம்சாவளி வரைவார்கள். பிழை வருவது பெரும்பாலும் இங்கேதான்: ஒரே பெயரில் இரண்டு பேரன்மார், மறைத்த உறவு. (எங்களூரில் என்றால் வாய்ச்சொல்லைவிடப் பழைய சீதன உறுதியை நம்பலாம்.) பிறகு சில மில்லிலீற்றர் இரத்தம். நோயாளிகள் எல்லோரும் ஒரே மூதாதையிடமிருந்து பெற்ற டி.என்.ஏ. துண்டு நீளமாக, மாறாமல் இருக்கும். குற்றவாளி மரபணு அதற்குள்தான். அதனால் சில குடும்பங்களே போதும்.

இந்நோய்களில் பல, தாய் தகப்பன் இருவரும் அந்த மரபணுவின் பழுதான பிரதியைக் கொடுத்தால்தான் வரும்; ஒரு பிரதி மட்டும் உள்ளவருக்கு நோயில்லை.

தாய் தகப்பன் இருவரிடமும் பழுதான பிரதி ஒவ்வொன்று இருந்தால், பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு நாலில் ஒன்று. “நாலில் ஒன்று” என்றால், ஒரு பிள்ளைக்கு வந்தபின் அடுத்த மூன்றும் தப்பும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, ஒவ்வொரு கர்ப்பத்திலும் அதே 25% தான்.