வீட்டு வலையமைப்பு வன்தட்டுக்குப் பெரிய கோப்புகளை விரைவாகப் பிரதியெடுப்பது எப்படி?

கிளிநொச்சியில் திருமண வீடியோ எடுக்கும் நீங்கள், 500 ஜிபி பதிவுகளை மடிக்கணினியிலிருந்து வீட்டு வலையமைப்பு வன்தட்டுக்கு மாற்ற ஓர் இரவு போதவில்லை என்றும், கேபிளில் இணைத்தும் வேகம் விநாடிக்கு 11 எம்பியைத் தாண்டுவதில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

அந்த 11 என்ற எண்ணே காரணத்தைக் காட்டிக்கொடுக்கிறது. எட்டு பிட் ஒரு பைட் என்பதால், 100 மெகாபிட் இணைப்பின் உச்ச வேகம் விநாடிக்கு 12.5 எம்பி (மெகாபைட்) தான்; நடைமுறையில் கிடைக்கும் 11 எம்பியில் 500 ஜிபிக்கு 12 மணித்தியாலங்களுக்கு மேல் பிடிக்கும். கோப்புகள் வீட்டை விட்டு வெளியே போவதில்லை. ஆகவே இணையப் பொதியை உயர்த்துவது வீண்செலவு.

முதலில் றூட்டரின் துளைகள் கிகாபிட் (1000 மெகாபிட்) வகையா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒரு கிகாபிட் சுவிட்ச் (பல வலையமைப்புக் கேபிள்களை இணைக்கும் பெட்டி) வாங்கி, மடிக்கணினியையும் வன்தட்டையும் அதிலேயே செருகுங்கள். அடுத்து கேபிளின் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: எட்டு நிறக் கம்பிகளும் முனைவரை வந்திருக்க வேண்டும். நான்கு மட்டும் இருந்தாலோ ஒன்று அறுந்திருந்தாலோ, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடக்கூடும். எல்லாம் சரியாக இருந்து, வன்தட்டும் ஈடுகொடுத்தால், விநாடிக்கு ஏறத்தாழ 110 எம்பி கிடைக்கும். வேலை ஒன்றேகால் மணித்தியாலத்தில் முடியும்.

ஆயிரக்கணக்கான சிறு படங்களைத் தனித்தனியே அனுப்பாமல், சுருக்காமலே ஒரே ஸிப் கோப்பாகக் கட்டி அனுப்புங்கள். வீடியோ ஏற்கெனவே சுருக்கப்பட்டது. அதை மீண்டும் சுருக்குவதால் நேரமே போகும். விண்டோஸில் உள்ள றோபோகொப்பி (Robocopy) என்ற பிரதியெடுக்கும் கட்டளை, புதிய அல்லது மாறிய கோப்புகளை மட்டும் பிரதியெடுக்கும். இடையில் மின்சாரம் நின்றால், விட்ட இடத்திலிருந்து தொடரும் தெரிவும் அதில் உண்டு.