தோலில் மணி தைப்பது: கேட்டவர்களுக்குப் பதில்

வட அமெரிக்கச் சமவெளிப் பழங்குடிகள் தோலில் செய்த மணி வேலை பற்றி வந்த கேள்விகள் இவை. எனக்குத் தெரிந்தவற்றுக்கு மட்டும் பதில்.

ஆரி ஊசியால் தோலில் மணி தைக்கலாமா? (சேலம்)

வேண்டாம். துணியில் ஊசி இறங்கினால் இழை விலகிக் கொடுக்கும், அப்புறம் கூடிக்கொள்ளும். தோலில் விழுந்த ஓட்டை ஓட்டைதான். சமவெளிப் பழங்குடிகளில் ஒன்றான லக்கோட்டா இனப் பெண்கள் தைத்த பழைய பை ஒன்றின் உள்பக்கத்தைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு தையல்கூடத் தெரியாது. நூல் தோலின் பாதிக் கனத்துக்குள்ளேயே புகுந்து, வந்த பக்கமே வெளியேறிவிடும். குத்தூசியால் சின்னதாக வழி திறப்பார்கள். காட்டெருமை, மான் ஆகியவற்றின் முதுகுத் தசைநாரைக் கிழித்து, ஈரப்படுத்தி முறுக்கினால் நூல் தயார். அதன் நுனியைக் காயவிட்டால் விறைத்துக்கொள்ளும். அந்த நுனிதான் ஊசி.

லக்கோட்டா முறையில் ஏழெட்டு மணிகளை ஒன்றாகக் கோத்து இரண்டு முனைகளில் மட்டும் தோலோடு பிடிப்பார்கள். நடு சற்றுத் தூக்கி நிற்பதால் வேலை முழுக்க வரப்பு வரப்பாகத் தெரியும். பிளாக்ஃபீட் என்ற இன்னொரு பழங்குடி மக்கள் இரண்டு நூல் வைத்துக்கொள்வார்கள். ஒன்றில் மணி இருக்கும். மற்றது இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை முதல் நூலைத் தோலோடு கட்டும். அது தட்டையாகப் படியும்.

மணிகளை அவர்களே செய்தார்களா? (மதுரை)

இல்லை. வெனிஸிலும் பொஹீமியாவிலும் செய்த கண்ணாடி மணிகள், வணிகர்கள் கொண்டுவந்தவை. அதற்கு முன் முள்ளம்பன்றி முள்ளைச் சாயம் தோய்த்து, தட்டையாக்கித் தைத்தார்கள். 1800களின் தொடக்கத்தில் பெரிய மணிகள், அதிகமும் வெள்ளையும் நீலமும். 1840 வாக்கிலிருந்து பொடி மணி பரவியது. நீல மணிக்கு இருந்த மவுசைச் சொல்ல ஒரு சம்பவம் போதும். 1805 நவம்பரில் கொலம்பியா ஆற்று முகத்தில் மேற்கு நோக்கிப் போன லூயிஸ், கிளார்க் என்ற அமெரிக்க ஆய்வுப் பயணக் குழு ஒரு கடல் நீர்நாய்த் தோல் அங்கிக்கு ஆசைப்பட்டது. வைத்திருந்தவர் வேறு எதற்கும் மசியவில்லை. கடைசியில் குழுவோடு வந்த பழங்குடிப் பெண் சகாகவியா இடுப்பில் கட்டியிருந்த நீல மணிக் கச்சையைக் கொடுத்துத்தான் வாங்கினார்கள்.

11, 13 என்று மணிக்கு எண் போடுகிறார்களே, எது பெரியது? (திருச்சி)

11. எண் கூடினால் மணி சிறுக்கும்.

பழைய மணிப் பையைச் சோப்புத் தண்ணீரில் கழுவலாமா? (நெல்லை)

கூடாது. விலங்கின் மூளையைத் தேய்த்துப் பதப்படுத்திய தோல், புகை போடாததாக இருந்தால், நனைந்து காய்ந்ததும் விறைத்துப் போகும். மணிக்கும் ஆபத்து. சில பழைய கண்ணாடிகளில் உள்ள காரம் ஈரத்தில் வெளியே கசிந்து தோலின் கொழுப்போடு சேரும். முதலில் வெள்ளைப் பூச்சு, அப்புறம் விரிசல், கடைசியில் மணியே உதிரும்.

ஈரத் துணியால் துடைத்தால்? (ஈரோடு)

ஈரம் ஈரம்தான். மென்மையான காய்ந்த தூரிகை போதும்.

குழந்தை ஷாம்பூ? (சென்னை)

மேலே உள்ள இரண்டு பதிலையும் படியுங்கள்.

அடிப்பாகத்திலும் மணி தைத்த மொக்கசின் (பழங்குடிகளின் மென்தோல் காலணி) பிணத்துக்குப் போடுவது என்கிறார்களே? (கோவை)

அது பழம்பொருள் வியாபாரிகள் பரப்பிய பெயர். உயிரோடு இருந்தவர்கள் போட்டுக்கொண்டார்கள்.

அதெப்படி? நடந்தால் மணி உடையாதா? பிணத்துக்கு என்பதுதான் பொருந்துகிறது. (மறுபடி கோவை)

நடக்கத்தான் போட்டார்கள் என்று யார் சொன்னது? குதிரை மேல் போகிறவருக்கும், நடை பழகாத குழந்தைக்கும், மரியாதை செய்ய வேண்டியவருக்கும் அது அழகு. அடியில் தேய்மானம் உள்ள ஜோடிகளும் கிடைத்திருக்கின்றன. காலத்தையும் பாருங்கள். 1880களில் காட்டெருமை அழிந்து, மக்கள் ஒதுக்கப்பட்ட நிலங்களுக்குள் அடைபட்ட பிறகுதான் மணி வேலை பெருகியது. பை, சட்டை, தொட்டில் என்று இண்டு இடுக்கெல்லாம் மணி ஏறிய நாட்களில் செருப்பின் அடி மட்டும் தப்புமா?

ஆனால் இறந்தவர்களுக்கும் போட்டிருக்கிறார்களே! (யாழ்ப்பாணம்)

போட்டிருப்பார்கள். இருப்பதிலேயே நல்லதை உடுத்தித்தானே அனுப்புவார்கள்? பாட்டியைப் பட்டுப்புடவையோடு அனுப்பினால் பட்டு பிணத்துணி ஆகிவிடுமா? கோவைக்காரர் இன்னொரு கடிதம் போட்டிருக்கிறார். அதற்குப் பதில் இல்லை.

குரோம் உப்பில் பதப்படுத்திய தோலில் தைக்க வருமா? (ஆம்பூர்)

வரும், சிரமப்பட்டு. பழங்குடிகள் தோலின் மேல்பரப்பைச் சுரண்டி எடுத்துவிடுவதால் நார் தளர்ந்து ஊசிக்கு வழி விடும். உங்கள் ஊர்த் தோலில் மழமழப்பான பக்கம் இறுக்கமாக இருக்கும். மெல்லிய ஸ்வேட் (suede) தோல் எடுங்கள், முனை மூன்று பட்டையாக உள்ள ஊசி வாங்குங்கள். மீன்பிடி நரம்பு வேண்டாம், தோலை அறுத்துவிடும். முடித்ததும் கழுவவும் வேண்டாம்.

நான் தைத்ததை 'லக்கோட்டா வேலை' என்று போட்டு அமெரிக்காவில் விற்கலாமா? (பெங்களூர்)

பழங்குடியினர் செய்தது என்று பொய் சொல்லி விற்பது 1990 சட்டப்படி அங்கே குற்றம். உங்கள் பெயரையே போடுங்கள்.

அருங்காட்சியகத்திலிருந்து வெளியே வந்த பழைய மொக்கசின் ஒன்று என்னிடம் இருக்கிறது. மகளுக்குப் போட்டுப் படம் எடுக்கலாமா? (புதுச்சேரி)

போடாதீர்கள். பூச்சி அரிக்காமல் இருக்க அந்தக் காலத்து அருங்காட்சியகங்களில் ஆர்செனிக் என்ற நஞ்சைத் தடவுவது வழக்கம். கையுறை போட்டுத் தொடுங்கள், குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் பெட்டியில் வையுங்கள். படம் வேண்டுமானால் மொக்கசினை மட்டும் எடுங்கள்.